மூன்று வாக்கியத்துக்கும் பொருள் ஒன்றுதானா? ஆங்கில எழுத்தில் ஒப்பீடுகள் குறித்து ஓர் இழை

வாசகர் கேள்வி | 8 ஜூன் 2024, காலை

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ‘டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன்’ பாடத்தை வீட்டில் நான்தான் சொல்லித் தருகிறேன். பாசிட்டிவ், கம்பாரிட்டிவ், சூப்பர்லேட்டிவ் என்று ஒரே கருத்தை மூன்று விதமாக மாற்றி எழுதச் சொல்கிறார்கள். மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான் எனும்போது, இந்தப் பயிற்சியால் மதிப்பெண் கிடைக்குமே தவிர எழுத்துக்கு எந்தப் பயனும் இல்லை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதவும்.

8 ஜூன், இரவு

மறுக்கிறேன். மூன்றுக்கும் பொருள் ஒன்று என்று வகுப்பறையில் சொல்லிவிடுவதால்தான் இந்தப் பாடம் வெறும் தேர்வுப் பாடமாகிவிட்டது. கையேடுகளில் தவறாமல் வரும் ஒரு தொகுதியை எடுத்துக்கொள்வோம். ‘வெரி ஃபியூ சிட்டீஸ் இன் இந்தியா ஆர் ஆஸ் பிக் ஆஸ் சென்னை’ என்பது பாசிட்டிவ். ‘சென்னை இஸ் பிக்கர் தேன் மோஸ்ட் அதர் சிட்டீஸ் இன் இந்தியா’ என்பது கம்பாரிட்டிவ். ‘சென்னை இஸ் ஒன் ஆஃப் த பிக்கஸ்ட் சிட்டீஸ் இன் இந்தியா’ என்பது சூப்பர்லேட்டிவ். சென்னைக்கு மூன்றும் பொருந்துவதால் மூன்றும் ஒன்று என்று தோன்றுகிறது. சென்னையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேலூரை வைத்துப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெரிதும் சிறிதுமாக 7,935 நகரங்கள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றை விட வேலூர் பெரியது; ஆகவே இரண்டாம் வாக்கியம் வேலூருக்கும் உண்மை. ஆனால் 10 லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த 53 நகர்ப்பகுதிகளின் பட்டியலில் வேலூர் இல்லை. மூன்றாம் வாக்கியத்தை வேலூரைப் பற்றி எழுத முடியாது. பாதிக்குச் சற்று மேலே நின்றாலே இரண்டாம் வாக்கியம் நிறைவேறிவிடுகிறது. மூன்றாவது, முன்வரிசையில் நிற்க வேண்டும் என்கிறது.

‘நோ அதர் மவுண்டன் இஸ் ஆஸ் ஹை ஆஸ் எவரெஸ்ட்’ என்பது போல ஒன்றே ஒன்றை உச்சியில் வைக்கும் தொகுதியில் மட்டும் மூன்றும் ஒரே உண்மையைச் சொல்கின்றன. அங்கேயும் எந்தச் சொல் முன்னால் நிற்கிறது, வாசகர் எதை எதிர்பார்த்துப் படிக்கிறார் என்பவை மாறும்.

ஆகவே பயிற்சியை விட வேண்டாம். மாற்றி எழுதியபின், ‘இப்போதும் இது உண்மையா?’ என்று உங்கள் மகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள். எதை எதோடு ஒப்பிடுகிறோம், எந்தக் கூட்டத்துக்குள் ஒப்பிடுகிறோம், எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்ற மூன்றுக்கும் விடை கையில் இல்லாமல் ஒப்பீட்டு வாக்கியம் எழுதக்கூடாது என்பதே இந்தப் பாடத்தின் உயிர்.

9 ஜூன், காலை

‘இதெல்லாம் தர்க்கம், நடைமுறையில் யார் பார்க்கிறார்கள்?’ என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். நான் பார்க்கிறேன். ஆய்வேடுகளையும் ஆய்விதழ்களுக்குப் போகும் கட்டுரைகளையும் திருத்திக் கொடுப்பது என் வேலை. பெரும்பாலும் பொறியியல் மாணவர்கள் எழுதியவை. சிவில் துறை ஏடுகளில் திரும்பத் திரும்பக் காணும் ஒரு வாக்கியம் இது: ‘த கம்ப்ரெஸ்ஸிவ் ஸ்ட்ரெங்த் ஆஃப் ஃப்ளை ஆஷ் கான்கிரீட் இஸ் ஹையர் தேன் கன்வென்ஷனல் கான்கிரீட்.’ ஃப்ளை ஆஷ் என்பது அனல் மின் நிலையச் சாம்பல்; கம்ப்ரெஸ்ஸிவ் ஸ்ட்ரெங்த் என்பது அழுத்தத்தைத் தாங்கும் வலிமை.

இதில் ஒரு பக்கம் நிற்பது கான்கிரீட்டின் வலிமை; மறுபக்கம் நிற்பதோ கான்கிரீட். வலிமையை வலிமையோடுதான் ஒப்பிட முடியும். ‘தேன் தட் ஆஃப் கன்வென்ஷனல் கான்கிரீட்’ என்று எழுதினால் சரியாகிவிடும். இந்தப் பிழை கவனக்குறைவால் வருவதன்று என்பது இத்தனை ஏடுகளைப் பார்த்தபின் எனக்கு உறுதி. ‘சென்னையின் மக்கள்தொகை கோவையைவிட அதிகம்’ என்று தமிழில் எழுதினால் அதைக் குறை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ‘கோவையின் மக்கள்தொகையைவிட’ என்று விரித்து எழுதினால்தான் இழுவையாக இருக்கும். தமிழில் வாசகர் தாமாகவே நிரப்பிக்கொள்ளும் இடத்தை எழுதுகிறவரே நிரப்பித் தர வேண்டும் என்று ஆங்கில எழுத்து நடை எதிர்பார்க்கிறது. பேச்சில் ஆங்கிலேயரும் விட்டுவிடுவார்கள், அச்சில் விடுவதில்லை.

வாக்கியத்தைச் செப்பனிட்டாலும் அளவுகோல் இன்னும் வரவில்லை. ஃப்ளை ஆஷ் கலந்த கான்கிரீட் மெதுவாகத்தான் வலிமை பெறும். 28ஆம் நாள் சோதித்தால் சாதாரணக் கான்கிரீட்டைவிடக் குறைவாகவும், 90ஆம் நாள் சோதித்தால் சமமாகவோ கூடுதலாகவோ இருப்பது இயல்பு. ஆகவே ‘ஹையர்’ என்று எழுதும் மாணவரிடம் எந்த நாளில் என்று கேட்டு ஓரத்தில் குறித்து அனுப்புவேன். நாள் சேர்ந்து திரும்பி வரும்போது, சில சமயம் ‘ஹையர்’ என்ற சொல்லே மாறி ‘லோயர்’ ஆகியிருக்கும். இலக்கணத் திருத்தமாகத் தொடங்கியது ஆய்வு முடிவையே திருத்திவிடுகிறது.

9 ஜூன், மதியம்

விட்டுப்போன ஒன்று. ‘ஹி இஸ் ஸ்மார்ட்டர் தேன் எனி பாய் இன் ஹிஸ் கிளாஸ்’ என்று எழுதினால் அவனும் அந்த வகுப்பில் ஒருவன். அவனைவிட அவனே கெட்டிக்காரன் என்றாகும். ‘எனி அதர் பாய்’ என்று எழுத வேண்டும். ஆனால் அவனை வேறு வகுப்போடு ஒப்பிட்டால் ‘அதர்’ வரக்கூடாது. இந்தச் சின்னச் சொல், ஒப்பிடப்படுபவர் கூட்டத்துக்கு உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்பதைக் காட்டுகிறது. ‘வகுப்பில் எல்லாரையும்விட’ என்று தமிழில் சொல்லும்போது அவனை விலக்கிவிட்டுத்தான் கேட்கிறோம் என்பதால் நம் பிள்ளைகளுக்கு இது தோன்றுவதே இல்லை.

10 ஜூன், இரவு

சூப்பர்லேட்டிவுக்கு வருவோம். அதிகமான பொய்கள் அங்கேதான் புகுகின்றன.

சென்னையில் படித்த எவரும் எழுதியிருக்கக்கூடிய ஒரு வாக்கியம்: ‘மெரினா இஸ் த செகண்ட் லாங்கஸ்ட் பீச் இன் த வேர்ல்டு.’ பள்ளிக் கட்டுரைகளில், சுற்றுலாத் துண்டறிக்கைகளில், பொது அறிவுப் புத்தகங்களில் பல தலைமுறையாக வருகிறது. மெரினாவை எங்கே தொடங்கி எங்கே முடித்து அளந்தாலும் 13 கிலோமீட்டருக்கு மேல் போகாது. வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் கடற்கரை ஏறக்குறைய 120 கிலோமீட்டர். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உள்ள நைன்டி மைல் பீச் பெயரிலேயே தன் நீளத்தைச் சொல்கிறது. பிரேசிலின் காசினோ கடற்கரை 200 கிலோமீட்டரைத் தாண்டும். இரண்டாம் இடம் இருக்கட்டும், இந்த வரிசையின் அருகிலேகூட மெரினா வராது.

நான் மெரினாவை நேசிக்கிறவன். அதற்காகவே இந்த வாக்கியம் என்னை உறுத்துகிறது. உண்மையாகச் சொல்லக்கூடியது நிறைய இருக்கும்போது பொய்யான பட்டம் எதற்கு? ஒரு பெருநகரத்தின் நடுவிலேயே, பேருந்திலிருந்து இறங்கி நடந்தால் கால் நனைக்கும் தொலைவில், யாரிடமும் கட்டணம் கேட்காமல் கிடக்கும் இவ்வளவு அகலமான மணற்பரப்பு என்று எழுதினால் ஒவ்வொரு சொல்லும் நிற்கும். ‘ஒன் ஆஃப் த லாங்கஸ்ட் அர்பன் பீச்சஸ்’ என்று எழுதுவோரும் உண்டு. ‘அர்பன்’ என்ற ஒரே சொல் கூட்டத்தைச் சுருக்கி, வாக்கியத்தை மெய்ப்பக்கம் நகர்த்துகிறது. கூட்டத்தைச் சுருக்குவது பெருமையைக் குறைப்பதன்று.

11 ஜூன், காலை

‘அப்படியானால் அடைமொழியைக் கூட்டிக்கொண்டே போய் எதையும் முதலிடத்தில் நிறுத்திவிடலாமே?’ என்ற கேள்வி நியாயமானது. நிறுத்தலாம், அடைமொழி இயல்பானதா, அதற்கென்றே தைத்த சட்டையா என்பதுதான் சோதனை. ஸ்ரீரங்கம் கோயிலை ‘லார்ஜஸ்ட் ஃபங்ஷனிங் ஹிண்டு டெம்பிள்’ என்று எழுதுகிறார்கள். கோயில் வளாகம் 156 ஏக்கர். ‘ஃபங்ஷனிங்’ என்ற சொல் அங்கே ஏன் நிற்கிறது? கம்போடியாவின் அங்கோர் வாட் அதைவிடப் பெரியது. 12ஆம் நூற்றாண்டில் திருமால் கோயிலாக எழுந்து பிறகு பௌத்தத் தலமாக மாறியது. ஆகவே இன்றும் வழிபாடு நடக்கும் இந்துக் கோயில் என்ற வரம்பு வெறும் ஒட்டு அன்று. வாசகருக்குப் புரியும், பொருளுள்ள ஒரு வகை. அந்தச் சொல்லைத் தேவையற்றது என்று நினைத்து வெட்டிவிட்ட ஒரு கட்டுரையை நான் கண்டிருக்கிறேன். வெட்டியவுடன் வாக்கியம் பொய்யாகிவிட்டது.

மலைகளும் இப்படித்தான். கடல் மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட், 8,848.86 மீட்டர். அடிவாரத்திலிருந்து அளந்தால் ஹவாயின் மௌனா கியா 10,000 மீட்டருக்கு மேல். அதன் பெரும்பகுதி கடலுக்குள் இருக்கிறது. பூமியின் மையத்திலிருந்து அளந்தால் ஈக்வடாரின் சிம்போராசோ உச்சிதான் மிகத் தொலைவில் இருக்கிறது, பூமி நடுவில் புடைத்திருப்பதால். மூன்று அளவுகோல், மூன்று முதலிடம். அதனால் ‘அபவ் ஸீ லெவல்’ என்ற மூன்று சொற்களை அலங்காரம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

11 ஜூன், இரவு

ஆசிரியர் ஒருவர், தம் மாணவர்கள் ‘இட் இஸ் எ பிக்கஸ்ட் டெம்பிள்’ என்று எழுதுவதை நிறுத்தவே முடியவில்லை என்கிறார். எனக்கு வரும் ஏடுகளிலும் உண்டு. காரணம் தமிழில் இருக்கிறது. ‘மிகப் பெரிய கோயில்’ என்றால் ரொம்பப் பெரிய கோயில் என்றும் கொள்ளலாம், எல்லாவற்றிலும் பெரிய கோயில் என்றும் கொள்ளலாம். உச்சத்தை ஐயமில்லாமல் சொல்ல வேண்டுமானால் நாம் ‘ஆசியாவிலேயே’ என்று ஏகாரம் சேர்க்கிறோம், அல்லது வள்ளுவர் சொன்னதுபோல் ‘செல்வத்துள் எல்லாம் தலை’ என்கிறோம். பெயரடை தன் உருவத்தை மாற்றிக்கொள்வதில்லை. கூட்டத்தைக் குறிக்கும் சொல்தான் வேலையைச் செய்கிறது. ஆங்கிலத்தில் ‘-எஸ்ட்’ ஒட்டிய கணமே ஒன்றைத் தனியே சுட்டிவிட்டோம் என்று பொருள். சுட்டியபின் ‘எ’ போட இடமில்லை, ‘த’ வர வேண்டும். மாணவர் சொல்ல நினைத்தது ரொம்பப் பெரியது என்றால் அவருக்குத் தேவையான சொல் ‘வெரி பிக்’. எனவே ‘எ’யைத் திருத்துவதற்குமுன் அவர் என்ன சொல்ல வந்தார் என்று கேளுங்கள், பாதிப் பேருக்குத் திருத்த வேண்டியது ‘பிக்கஸ்ட்’தான்.

‘ஒன் ஆஃப் த பெஸ்ட் டீச்சர்’ என்ற பிழையும் இதன் உறவினர். பலருள் ஒருவர் என்பதால் ‘டீச்சர்ஸ்’ என்று பன்மைதான் வர வேண்டும். வினை மட்டும் அந்த ஒருவரைப் பார்த்து ஒருமையில் நிற்கும்.

12 ஜூன், காலை

நேற்று எழுதியதற்கு இரண்டு வரம்புகள் சேர்க்க வேண்டும். ‘எ மோஸ்ட் யூஸ்ஃபுல் புக்’ என்று ஆங்கிலத்தில் எழுதலாம். அங்கே ‘மோஸ்ட்’ என்பது உச்சத்தைக் குறிக்காமல் நம் ‘மிக’ போலவே மிகுதியைக் குறிக்கிறது. சற்றுப் பழைய, மரியாதையான நடை. ஆனால் ‘-எஸ்ட்’ விகுதிக்கு இந்தச் சலுகை இல்லை.

இரண்டாவது, சூப்பர்லேட்டிவ் என்றாலே ‘த’ என்று மனப்பாடம் செய்வதும் முழுச் சரியன்று. ‘த லேக் இஸ் டீப்பஸ்ட் ஹியர்’ என்றால் ஏரியை வேறு ஏரிகளோடு ஒப்பிடவில்லை. அதே ஏரியின் ஓர் இடத்தை மற்ற இடங்களோடு ஒப்பிடுகிறோம். அங்கே ‘த’ தேவையில்லை.

12 ஜூன், மதியம்

ஷேக்ஸ்பியர் ‘மோஸ்ட் அன்கைண்டஸ்ட்’ என்று எழுதியிருக்கும்போது நம் பிள்ளைகள் ‘மோர் பெட்டர்’ என்று எழுதினால் மட்டும் ஏன் சிவப்பு மை என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். கோபத்தில் நியாயம் உண்டு. ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில், கொல்லப்பட்ட சீசரின் உடலருகே நின்று ஆன்டனி பேசும் பேச்சில் அந்தத் தொடர் வருகிறது; அக்காலத்தில் இரட்டை ஒப்பீடு அழுத்தம் சேர்க்கும் வழியாக இருந்ததே தவிர அறியாமையின் அடையாளமாக இல்லை. 18ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள்தாம் அதை ஒதுக்கினார்கள். ராபர்ட் லௌத் 1762இல் வெளியிட்ட இலக்கண நூலில் அதைத் தவறு என்றார். அவரும்கூட, விவிலியத்தின் சங்கீதப் பாடல்களின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் இறைவனைக் குறித்து வரும் ‘மோஸ்ட் ஹையஸ்ட்’ என்ற தொடருக்கு மட்டும் விலக்கு அளித்தார், உயர்ந்தவற்றுக்கெல்லாம் மேலானவனுக்கு அது பொருந்தும் என்று.

ஆகவே ‘மோர் பெட்டர்’ எழுதும் பிள்ளையை அறிவில்லாதவள் என்று திட்டாதீர்கள். இன்றைய எழுத்து வழக்கில் அந்த வாசல் மூடப்பட்டுவிட்டது, அழுத்தம் வேண்டுமானால் ‘மச் பெட்டர்’ என்ற வாசல் திறந்திருக்கிறது என்று சொன்னால் போதும்.

இதே வரிசையில், ‘பெர்ஃபெக்ட்’ போன்ற சொற்களுக்கு ஒப்பீடே கூடாது என்று அடித்துச் சொல்வோருக்கு: 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் முகவுரை ‘எ மோர் பெர்ஃபெக்ட் யூனியன்’ என்கிறது. முழுமையை நோக்கி இன்னும் நெருங்கியது என்ற பொருளில் அது நன்றாகவே நிற்கிறது.

12 ஜூன், இரவு

‘லெஸ்’, ‘ஃபியூவர்’ பற்றிச் சுருக்கமாக. எண்ணக்கூடியவற்றுக்கு ‘ஃபியூவர்’, அளக்கக்கூடியவற்றுக்கு ‘லெஸ்’ என்ற விதி 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் தம் விருப்பமாகச் சொன்னதிலிருந்து வளர்ந்தது. பிரிட்டனின் டெஸ்கோ கடைகளில் பணம் கட்டும் இடத்தில் தொங்கிய ‘10 ஐட்டம்ஸ் ஆர் லெஸ்’ பலகையைப் பற்றி எழுந்த விவாதத்தில், 2008இல் ‘அப் டு 10 ஐட்டம்ஸ்’ என்று மாற்றி இரு தரப்பிடமிருந்தும் தப்பித்துக்கொண்டார்கள். தேர்விலும் ஆய்வேட்டிலும் விதியைக் கடைப்பிடியுங்கள். பணம், தொலைவு, காலம் ஆகியவற்றுக்கு எண் இருந்தாலும் ‘லெஸ் தேன்’தான்.

‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’ ஆகியவை லத்தீன் மொழியிலேயே கம்பாரிட்டிவாக இருந்து வந்த சொற்கள். அவற்றுக்குப் பின் ‘தேன்’ வராது, ‘டு’ வரும். முன்னால் ‘மோர்’ போடுவதும் கூடாது.

14 ஜூன், காலை

எண்களோடு வரும் ஒப்பீடுகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான் என்பதால் எழுதுகிறேன்.

‘த்ரீ டைம்ஸ் ஹையர் தேன் 10’ என்றால் எவ்வளவு? 30 என்பார் ஒருவர். 10ஐவிட மும்மடங்கு கூடுதல் என்று எடுத்து 40 என்பார் இன்னொருவர். ‘த்ரீ டைம்ஸ் ஆஸ் ஹை ஆஸ் 10’ என்று எழுதினால் 30 என்பதைத் தவிர வேறு விடையில்லை. நாம் பள்ளியில் எளிது என்று கடந்துபோன ‘ஆஸ்… ஆஸ்’ அமைப்பு கணக்கில் கம்பாரிட்டிவைவிடத் துல்லியமானது. ‘த்ரீ டைம்ஸ் லெஸ்’ என்பதை முற்றிலும் தவிர்த்து ‘ஒன் தேர்டு’ என்று எழுதச் சொல்வேன்.

விழுக்காட்டிலும் கண்ணி உண்டு. வட்டி 10 விழுக்காட்டிலிருந்து 15 ஆனால், உயர்வு 5 ‘பர்சென்டேஜ் பாயின்ட்ஸ்’. அதையே ‘50 பர்சென்ட் ஹையர்’ என்றும் சொல்லலாம். இரண்டும் சரி. ‘5 பர்சென்ட் ஹையர்’ என்று எழுதினால் மட்டும் தவறு, ஏனென்றால் அது 10.5ஐக் குறிக்கும். தலைப்புச் செய்திகளில் இந்தக் குழப்பம் வாராவாரம் வருகிறது.

வெப்பநிலையில் ‘ட்வைஸ் ஆஸ் ஹாட்’ என்பது எழுதவே கூடாத தொடர். 20 டிகிரி செல்சியஸுக்கு 40 இரு மடங்கன்று. செல்சியஸின் சுழியம் நீர் உறையும் புள்ளியில் நாமாக வைத்துக்கொண்டது. அதற்குக் கீழே குளிரவே முடியாத நிலையைச் சுழியமாகக் கொண்ட கெல்வின் அளவில் பார்த்தால் 293க்கும் 313க்கும் இடையிலான வேறுபாடு 7 விழுக்காடு அளவே. ‘20 டிகிரீஸ் ஹாட்டர்’ என்று எழுதினால் செல்சியஸிலும் கெல்வினிலும் பழுதில்லை.

14 ஜூன், மாலை

கம்பாரிட்டிவ் ஒன்று சொல்லாத பொருளை வாசகர் தலையில் ஏற்றிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். ‘சீப்பர்’ என்றால் மலிவு என்று பொருளன்று. ஒரு லட்ச ரூபாய்ச் செல்பேசியைவிட 90,000 ரூபாய்ச் செல்பேசி ‘சீப்பர்’தான். நோயாளி ‘பெட்டர்’ என்று மருத்துவர் சொன்னால் குணமாகிவிட்டார் என்று வீட்டார் எடுத்துக்கொள்கிறார்கள். நேற்றைவிட இன்று பரவாயில்லை என்பதே அதன் பொருள். விளம்பரங்கள் ‘வொயிட்டர்’, ‘ஸ்ட்ராங்கர்’ என்று எழுதி, எதைவிட என்பதைச் சொல்லாமல் நிறுத்திவிடுகின்றன. ஆய்வேட்டில் வரும் ‘த புரோபோஸ்டு மெத்தட் கிவ்ஸ் பெட்டர் ரிசல்ட்ஸ்’ என்ற வாக்கியமும் அதே வகை. எந்த முறையைவிட, எந்தத் தரவில், எவ்வளவு என்று மூன்றையும் எழுதச் சொல்லித் திருப்பி அனுப்புவேன். முடிவு உண்மையிலேயே நன்றாக இருந்தால் அவற்றை எழுத எந்த ஆய்வாளரும் தயங்குவதில்லை.

16 ஜூன், இரவு

பரிந்துரைக் கடிதம் பற்றிக் கேட்ட பேராசிரியருக்கு. ‘ஹி இஸ் ஒன் ஆஃப் த பெஸ்ட் ஸ்டூடென்ட்ஸ்’ என்று எல்லா மாணவருக்கும் எழுதிக் கொடுப்பது நம் கல்லூரிகளில் வழக்கமாகிவிட்டது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் அதைப் படிப்பவர், எத்தனை பேருள் ஒருவர் என்று தெரியாததால் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார். நீங்கள் பாடம் நடத்திய ஆண்டுகளைக் குறிப்பிட்டு, அந்த ஆண்டுகளில் நீங்கள் கற்பித்த மாணவர்களுள் முதல் 5 விழுக்காட்டில் இவர் இருக்கிறார் என்றால் அப்படியே எழுதுங்கள். எல்லாவற்றிலும் சிறந்தவர் என்று சொல்ல முடியாவிட்டால் எதில் சிறந்தவர் என்று சொல்லுங்கள். ஆய்வகத்தில் மற்றவர்களைவிடப் பொறுமையானவர் என்றால், எந்தச் சோதனையில் அந்தப் பொறுமையைக் கண்டீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். இருவருக்கு ஒரே இடத்துக்குக் கடிதம் தர நேர்ந்தால் ‘த பெட்டர் ஆஃப் த டூ’ என்று எழுத வேண்டாம். இருவரையும் தனித்தனி அளவுகோலில் காட்ட இடமிருக்கிறது. வரைவை இங்கே பெயர்களை நீக்கிவிட்டுப் பதியுங்கள், ஒப்பீட்டு வரிகளை மட்டும் பார்த்துச் சொல்கிறேன்.